ஒவ்வொரு காலையும் 1904

ஜூலை 24, புதன்

ஒயரில் கோளாறு எதுவும் இல்லை என்று நான் இன்று அவரிடம் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, மூன்றாவது நாளாக அதே ஒயரை அந்தக் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வரப்போகும் மார்ச் மாதத்து ராகுகாலங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமைக்குச் செவ்வாயின் ராகுகாலம் போட்டிருந்தது. அதைத் திருத்தினேன். அவரைத் திருத்தவில்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

எங்கள் பிரஸ்ஸில் தினசரி காலண்டர் அடிக்கிறோம். சிவகாசியில் ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருடத்துக்கான மாதிரி ஆல்பம் வெளியாகும். அன்று ஆல்பத்தில் இல்லாத காலண்டரை அந்த வருடம் யாரும் கேட்க மாட்டார்கள். இந்த வருடம் தேனி எண்ணெய் மண்டிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே பிடியாக, மூங்கில் பார்டர் போட்ட பழைய தேதித்தாள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த முந்நூற்று அறுபத்தைந்து தாளும் என் மேசைக்கு எதிரே இருக்கும் பழைய மேக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கின்றன. நான் பிறப்பதற்கு முன் வாங்கிய மேக். ஃபிளாப்பி போட்டால் விழுங்கிவிடும், திருப்பித் தராது. அதற்குள் இருப்பது வெளியே வர ஒரே வழி, முதுகில் இருக்கும் நெட்வொர்க் துவாரம்.

புதுக் கம்ப்யூட்டர்களுக்கு அதன் பாஷை புரியாது. அதனால் அவர் நடுத்தர வயதுள்ள இன்னொரு மேக்கைக் கொண்டுவந்து நடுவில் வைத்திருக்கிறார். அதற்கு இரண்டு பாஷையும் தெரியும். நான் அதற்குத் துபாஷி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. இது வேறு சொல்லாதது.

திங்கட்கிழமை நாலு மணி பஸ்ஸில் சங்கரன்கோயிலிலிருந்து வந்தார். அவருக்கு ஒரு முறை இருக்கிறது. "வெளிய இருந்து உள்ள போகணும் மேடம். முதல்ல ஒயர், அப்புறம் பெட்டி, அப்புறம் பிளக்கு, கடைசியாத்தான் மிஷினுக்குள்ள." ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, மாட்டி, கடைசியில் பழைய மேக்கின் திரையில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து, நெட்வொர்க்கை இயக்கும் பொத்தானைத் தட்டினார். துபாஷியின் திரையில் பழைய மேக்கின் பெயர் வந்தது. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். கால் மணி நேரத்தில் ஜனவரி நாலாம் தேதி வரை வந்து சேர்ந்தது. அதற்குள் ஏழு மணி ஆகி, முதலாளி மெயினை அணைத்தார்.

செவ்வாய் காலை பெயரைக் காணோம். மறுபடி போன், மறுபடி நாலு மணி பஸ், மறுபடி ஒயரிலிருந்து ஆரம்பம், சாயங்காலம் மறுபடி பெயர், மறுபடி நாலு தாள்.

இன்று காலை பழைய மேக்கைப் போட்டதும் வழக்கம்போல அது 1904 ஜனவரி 1 என்று காட்டியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் செய்யும் முதல் காரியம் அந்தத் தேதியை மாற்றுவது. காலண்டர் பிரஸ்ஸில் ஒரு மூலையில் தப்புத் தேதி இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் இன்று மாற்றும்போது கை நின்றது. தேதியை மறக்கிற மிஷின் வேறெதை மறக்கும்?

அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்தேன். நேற்று அவர் என் கண் முன்னால் தட்டிய பொத்தான் அணைந்து கிடந்தது.

அவ்வளவுதான் விஷயம். உள்ளே இருக்கும் பேட்டரி செத்துவிட்டது. சுவரிலிருந்து வரும் கரண்டில்தான் அதற்கு ஞாபகமே. முதலாளி தினமும் ஏழு மணிக்குத் தன் கையாலேயே மெயினை அணைத்து, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறார். தீப்பெட்டி ஆபீஸும் பட்டாசு செய்யும் பயராபீஸும் பேப்பர்க் குடோனும் அடுத்தடுத்து இருக்கும் ஊரில் பூட்டிய கட்டிடத்துக்குள் யாரும் கரண்டை விட்டுவைக்க மாட்டார்கள். ராத்திரி மிஷின் எல்லாவற்றையும் மறக்கிறது. காலையில் நான் தேதியை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். அவர் வருவதற்குள் மறதிக்கு ஒரே சாட்சி அழிந்துவிடுகிறது. பொத்தான் அணைந்து கிடப்பது, தான் ஒயரைக் கழற்றியதால் என்று அவர் நினைத்துக்கொள்கிறார் போல.

பொத்தானை நானே தட்டியிருக்கலாம். அடுத்தவர் வேலையில் கை வைப்பது முறையில்லை.

ஜூலை 25, வியாழன்

தேதியை மாற்றினேன். பொத்தானைத் தொடவில்லை. நாலு மணி பஸ் கால் மணி தாமதம்.

ஜூலை 26, வெள்ளி

அவர் பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோயில்காரர்களுக்கு வைக்கிற பெயர்தான், ஆனால் இருபத்தெட்டு வயதில் ஒருவர் அதைச் சுமந்துகொண்டு திரிவதை நான் பார்த்ததில்லை. கனியக்காதான் கேட்டு வாங்கினார். சண்முகக்கனி அக்கா எங்கள் பிரஸ்ஸில் காலண்டர் தலைப்பில் தகரப்பட்டை அடிக்கிறவர். பட்டை அடிக்கும் சத்தத்துக்கு நடுவிலும் கனியக்கா காதில் எதுவும் தப்பாது.

"தம்பி, வீட்ல எப்படிக் கூப்புடுவாங்க, கோமதின்னா, நாயகம்னா?"

"அம்மா கோமதிம்பாங்க. ஸ்கூல்ல அதுக்குத்தான் அடி வாங்குனேன். நீங்க நாயகம்னே கூப்புடுங்கக்கா."

"இவ எப்படிக் கூப்புடுவா?"

நான் தலையை நிமிர்த்தவில்லை. ஏப்ரல் மாதத்தில் இருந்தேன்.

"அவங்க சார்ம்பாங்க," என்றார் அவர், மேசைக்கு அடியிலிருந்து.

"அவங்க மேடம், நீங்க சாரு. ரெண்டு பேரும் கலெக்டராபீஸ்லயா வேல பாக்கீங்க?"

கனியக்கா பட்டை அடித்தார். நான் ஏப்ரல் ஏழில் சித்திரை விஷுவைப் போட்டு, அடித்து, மறுபடி பதினாலுக்குக் கொண்டுபோனேன்.

இன்று ஐந்து தாள் வந்தது. ஒரு தாள் கடக்க நாம் ஒரு தோசை ஊற்றித் திருப்பி எடுத்துவிடலாம். திரையில் ஒரு நீலக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டே வரும். அந்தக் கோட்டை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம். பேச வேண்டிய அவசியம் இல்லாமல் இரண்டு பேர் ஒரே பக்கம் பார்ப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. என் வயதுக்கு நிறையப் படித்திருக்கிறேன், போர்களையும் பேரரசுகளையும் பற்றி. ஒரு நீலக் கோடு நகர்வதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

ஜூலை 27, சனி

சென்னையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். சங்கரன்கோயிலில் தனியாக சர்வீஸ் ஆரம்பித்து மூன்று மாதம். காலையில் அங்கே கடை, மதியத்துக்கு மேல் இங்கே. சிவகாசியில் இதுதான் அவருக்கு முதல் வேலை. எங்கள் முதலாளி தங்கமாரியப்பன் அச்சக சங்கத்தில் செயலாளர். இந்த வேலை முடிந்தால் இந்தத் தெரு முழுக்கச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"முடியலன்னா?" என்று கேட்டேன்.

"அதையும் தெரு முழுக்கச் சொல்லுவாரு. நல்ல மனுசன், ஒண்ணையும் ஒளிக்க மாட்டாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. கணக்கு எளிது. சாயங்காலம் நாலைந்து தாள் வீதம் போனால் ஆடிப் பதினெட்டுக்குள் பிப்ரவரி முழுசாகத் தேறினாலே பெரிது. காலையில் பொத்தானைத் தட்டிவிட்டால் பகல் முழுக்க ஓடும். இரண்டு நாளில் வருடமே முடிந்துவிடும். அப்புறம் துபாஷியைத் தூக்கிக்கொண்டு அவரும் போய்விடுவார்.

ராத்திரி மெயினை விட்டுவைக்கச் சொல்லி அவரே முதலாளியிடம் கேட்டார், வேலை சீக்கிரம் முடியுமே என்று. முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். "தம்பி, என் உசுரக் கேளு, தாரேன். மெயின மட்டும் கேக்காத."

1904 ஜனவரி 1, வெள்ளி

உண்மையில் இன்று ஜூலை 28, ஞாயிறு. ஆனால் எனக்கும் ஒரு நாள் அந்தத் தேதியில் இருந்து பார்க்கத் தோன்றியது. 1904 ஜனவரி 1 வெள்ளிக்கிழமைதான், கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம்.

எவ்வளவு நிம்மதியான நாள். யாருக்கும் யாரையும் தெரியாது. இரண்டாம் தேதி என்று ஒன்று வரவே வராது. மாலையில் ஒருவர் வந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பார், ராத்திரி எல்லாம் போய்விடும், மறுநாள் மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பார். அலுத்துக்கொள்ளவே மாட்டார்.

தலைக்குக் குளித்தேன். மாவு ஆட்டினேன். குழாயில் தண்ணீர் வந்தது, எட்டுக் குடம் பிடித்தேன். பாதியில் விட்ட புத்தகத்தை எடுத்து ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தேன். அம்மா, "என்னடி, சோத்தப் பாத்துச் சிரிக்க?" என்றாள். புத்தகத்தில் ஒரு வேடிக்கை என்றேன். அம்மா புத்தகத்தின் அட்டையைப் பார்த்தாள். அது காலராவின் வரலாறு.

ஜூலை 29, திங்கள்

இரண்டு மேக்குக்கும் நடுவில் இருக்கும் இணைப்புப் பெட்டிதான் காரணமாக இருக்கும் என்று அவர் முடிவு செய்து, நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மதுரையில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, அதே மாதிரி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்திருக்கிறார். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். மாட்டினார். கடைசியில் பொத்தானைத் தட்டினார். பெயர் வந்தது.

"பாத்தீங்களா மேடம், பெட்டிதான்," என்றார். முகம் அப்படிப் பூரித்திருந்தது.

"ஆமா, பெட்டிதான்," என்றேன்.

இதை எழுதும்போது காது சுடுகிறது. நான் பொய்யும் சொன்னேன் என்பது புதுச் செய்தி. நாளை சொல்லிவிடுவேன்.

ஜூலை 30, செவ்வாய்

காலையில் பெயரைக் காணோம் என்று முதலாளிதான் அவருக்குப் போன் செய்தார். அடுத்த முனையில் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. முதலாளி போனை வைத்துவிட்டு, "பெட்டிங்கான், பிளக்குங்கான். இவனுக்கே ஒண்ணும் வெளங்கல போல," என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

சொல்லிவிடத்தான் இருந்தேன். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் மூன்று விதமாக யோசித்திருந்தேன். அவர் வந்து மேசைக்கு அடியில் போகாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். முதல் தடவையாக ஒயரைத் தொடாமல் இருந்தார்.

"நான் ஏதோ ஒண்ண விடுறேன் மேடம். சின்ன விசயமாத்தான் இருக்கும். கண்ணு முன்னாடியே இருக்கும்."

"இருக்கலாம்."

"சென்னையில இருந்தா ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருப்பேன். இங்க வந்தா புத்தி வேற எங்கயோ போயிருது."

"எங்க போகுது?"

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டார்.

பஸ்ஸில் யோசித்த மூன்று விதமும் எனக்கு மறந்துவிட்டது. பேட்டரி செத்தது மேக்குக்கு மட்டும் இல்லை.

ஜூலை 31, புதன்

இன்று நடந்ததை எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நாலு மணி பஸ்ஸில் அவர் இறங்கி வந்தபோது முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். சத்தம் போடவில்லை. முதலாளி சத்தம் போடாவிட்டால் எங்களுக்குப் பயம் அதிகம்.

"தம்பி, போதும்ப்பா. உன் பெட்டிய எடுத்துட்டுக் கெளம்பு. மூங்கில் பார்டர் இந்த வருசம் இல்லன்னு தேனிக்குச் சொல்லிட்டேன்."

"அண்ணாச்சி, இன்னும் ரெண்டு நாள்—"

"ரெண்டு நாள், ரெண்டு நாளுன்னு பத்து நாள் ஆச்சு. உன் மேல கோவமில்ல. ஆனா சங்கத்துல நாலு பேரு கேட்டா நான் உள்ளதச் சொல்லுவேன்."

 அவர் உள்ளே வந்து துபாஷியின் பின்பக்கம் குனிந்து ஒயரைக் கழற்றி முழங்கையில் சுற்ற ஆரம்பித்தார். நிதானமாக, ஒரு சுற்று கூட இன்னொன்றின் மேல் ஏறாமல். மதுரையில் தேடி வாங்கிய பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றினார்.

நான் எழுந்து நின்றேன். கூட்டத்தில் பேச வேண்டியிருந்தால் காய்ச்சல் வந்துவிடுகிற பெண் நான்.

"மொதலாளி, தப்பு அவர் மேல இல்ல."

"பின்ன யார் மேல?"

"மெயின் மேல."

முதலாளி இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இதுக்குள்ள இருக்க பேட்டரி செத்துப்போச்சு. நீங்க ராத்திரி மெயின ஆஃப் பண்ணதும் இது எல்லாத்தையும் மறந்துருது. அவர் சாயங்காலம் சரியாத்தான் போட்டுட்டுப் போறாரு. காலையில எந்திரிச்சா இதுக்கு 1904-ஆம் வருசம்."

அவர் ஒயர் சுற்றுவதை நிறுத்தினார். "1904-ஆ? நான் வர்ற அன்னைக்கெல்லாம் தேதி சரியாத்தான் இருந்துச்சு."

"நான் மாத்திருவேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி."

இவ்வளவோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் முதலாளி கணக்கில் கெட்டி.

"இது உனக்கு என்னைக்குத் தெரியும்?"

"போன புதன்கெழம."

"ஒரு வாரமாவா? தெரிஞ்சிருந்தும் ஏம்மா சொல்லல?"

என்னிடம் காரணங்கள் இருந்தன. அடுத்தவர் வேலை. முறை. அவரே கண்டுபிடித்தால் அவருக்கு மதிப்பு. இந்த நோட்டில் எழுதியதும் எழுதாததுமாக நல்ல நல்ல காரணங்கள். வாயைத் திறந்தேன்.

"சொன்னா இவரு வர மாட்டாரு."

தகரப்பட்டை மிஷின் நின்றது. கனியக்கா அதை நிறுத்தி நான் பார்த்தது ஆயுத பூஜைக்கு மட்டும்தான்.

முதலாளி என்னைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த இந்த வருடத்து காலண்டரைக் கொஞ்ச நேரம் படித்தார். அவருடைய சொந்தத் தயாரிப்புதான், ஏற்கெனவே தெரிந்ததுதான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப இன்னைக்கு ராத்திரி நான் மெயின ஆஃப் பண்ணலன்னா?" என்றார்.

அவரும் என்னைப் பார்க்காமல் சொன்னார், "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள டிசம்பர் வந்துரும் அண்ணாச்சி."

சுற்றிய ஒயரைப் பிரித்தார். மாட்டினார். இந்தத் தடவை வெளியிலிருந்து உள்ளே போகவில்லை. நேராக அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்து பொத்தானைத் தட்டினார். பெயர் வந்தது. நீலக் கோடு ஓட ஆரம்பித்தது. ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

வாசலில் கனியக்கா என் தோளை இடித்தார். "ஏ புள்ள, பேசவே மாட்ட. பேசுனா இப்படியா பேசுவ?"

தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டாள். வெட்கத்தில் யாரும் செத்ததாக வரலாற்றில் இல்லை. நான் படித்த வரலாற்றில் இல்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

முதலாளி நேற்றிரவு வீட்டுக்கே போகவில்லையாம். மெயின் சுவிட்சுக்குக் கீழே நாற்காலி போட்டு, இரண்டு பக்கமும் மணல் வாளி வைத்துக்கொண்டு, விடிய விடியக் கரண்டைக் காவல் காத்திருக்கிறார். முதலாளி வீட்டு மதினி தூக்குவாளியில் இட்லி கொடுத்துவிட்டிருக்கிறார். காலையில் நாங்கள் போனபோது கண் சிவந்து, ஒரு யுத்தத்தை ஜெயித்தவர் போல இருந்தார். "ஆகஸ்ட் வந்துருச்சு தாரணி. நான் கண்ணால பாத்தேன்," என்றார்.

மதியம் மூன்று மணிக்கு டிசம்பர் 31 வந்தது. முதலாளி தேனிக்குப் போன் போட்டார். மூங்கில் பார்டர் உண்டு.

நாலு மணி பஸ்ஸில் நாயகம் வந்து எல்லாத் தாளையும் திறந்து பார்த்து, புதுக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டு, துபாஷியைத் தூக்கிக்கொண்டார். போயிட்டு வாரேன் என்று முதலாளியிடம் சொன்னார், கனியக்காவிடம் சொன்னார். என் மேசை வரும்போது கையில் துபாஷி, அக்குளில் ஒயர், வாயில் டார்ச். தலையை மட்டும் அசைத்தார்.

வாயில் டார்ச் இருந்தால் யாரும் பேச முடியாது என்பது உண்மைதான். டார்ச்சைப் பையில் வைக்கலாம் என்பதும் உண்மைதான்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

ஆல்பம் வெளியானது. பூசணிக்காய் உடைத்தோம். வந்தவர்கள் எல்லோரும் மூங்கில் பார்டரைத் தடவிப் பார்த்தார்கள். முதலாளி வாக்குத் தவறாமல், சங்கரன்கோயில் பையன் ஒருத்தன் இருக்கிறான், கெட்டிக்காரன் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று பிரஸ்காரர்கள் நம்பர் வாங்கிக்கொண்டு போனார்கள். அவருக்கு வர வேண்டியது வந்துவிட்டது. அது போதும்.

போதும் என்று எழுதியபின் அரை மணி நேரமாக இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் பழைய மேக் 1904 என்றது. அதற்குள் இனி நமக்கு வேண்டியது எதுவும் இல்லை. ஆனாலும் தேதியை மாற்றினேன்.

அடுத்த வருடத்து நவம்பர் வரை சரிபார்த்தாயிற்று. ஐப்பசியில் முகூர்த்த நாட்கள் குறைவு.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று மதியம் நாயகம் பிரஸ்ஸுக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. எந்த மிஷினும் கெட்டுப்போயிருக்கவில்லை.